மேம்பாலத்தருகே ஒரு வரிசை

சென்னை அண்ணா மேம்பாலத்தையடுத்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தின்முன் காலையிலேயே வரிசை நீண்டுவிடுகிறது. பிறரிடம் பணிபுரிவோருக்கு முதலாளியின் கடிதமுண்டு. தமக்குத் தாமே முதலாளியானவருக்குச் சான்று தருவார் யார்? வருமான வரிக் கணக்கும், சரக்கு-சேவை வரிப் பதிவும், அங்குள்ள வணிகரின் அழைப்புமே அவருக்காகப் பேசவேண்டும். குடியேறும் எண்ணமில்லையென மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையதே. அதிகாரியோ தாள்களைப் புரட்டாமலே இரண்டொரு வினாக்களில் முடிவுசெய்துவிடலாம். "நான் திரும்பாவிட்டால் பட்டறையை யார் நடத்துவார், சாமி?" என்றார் ஆம்பூர்த் தோல் வணிகரொருவர். கோப்பிலுள்ள எத்தாளினும் வலிய சான்று அதுவே. அதை அங்கேயும் சொல்லுமாறு கூறினேன்.

பத்தாண்டு விசா கிடைத்ததெனப் பலர் மகிழ்வர். அது வாயில்வரை செல்லும் உரிமையே. தங்கும் காலத்தை அந்நாட்டு விமான நிலைய அதிகாரியே குறிக்கிறார். பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு மேற்படாது. பேரம் பேசலாம், கண்காட்சி காணலாம். அங்கே ஊதியத்துக்கு உழைத்தல் ஆகாது. குறித்த நாளைக் கடந்து தங்கினால் அந்த விசாவே செல்லாததாகிவிடும்.