ஊரில் படிப்பித்தவர்களுக்கு ஒரு படிப்பு

வால்தம்ஸ்டோவில் எங்களோடு நின்று பெட்டி கட்டுபவர்களில் ஊரில் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பித்தவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்ட நாங்கள் அவர்களை இன்றும் ரீச்சர், மாஸ்ரர் என்றே கூப்பிடுகிறோம். "இனி எங்கே படிப்பிக்கிறது" என்று அவர்கள் சொல்வதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

விக்டோரியா லைனில் போய் யூஸ்ரனில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால், 2014இல் யூ.சி.எல். பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்வி நிறுவனம் வரும். அங்கே கல்வியும் தொழில்நுட்பமும் என்று ஓர் எம்.ஏ. உண்டு. கொம்பியூட்டர் திருத்தப் பழக்கும் படிப்பல்ல. திரையைப் பார்க்கும் பிள்ளைக்கு எது விளங்குகிறது, எது வெறும் விளையாட்டாய்ப் போகிறது என்று ஆராய்வது. வெண்கட்டியை மட்டும் வைத்து ஐம்பது பிள்ளைகளுக்கு விளங்கவைத்த ரீச்சருக்கு இது அந்நியமாக இராது என்பது எங்கள் எண்ணம்.

பட்டம் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். ஊர்ப் பட்டம் இங்கே எதற்குச் சமம் என்று எழுதித் தருவது யூ.கே. எனிக், 2021க்கு முன் நாரிக் என்றார்கள். 1995இலோ 2009இலோ இடம்பெயர்ந்தபோது கடதாசிகளைத் தொலைத்தவர்கள் முதலில் தாங்கள் படித்த பல்கலைக்கழகத்துக்குப் பிரதி கேட்டு எழுதுங்கள். அதற்கே மாதங்கள் போகலாம்.

அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்கள் உள்ளூர்க் கட்டணத்தில் படிக்கலாம். 2016இல் தொடங்கிய முதுமாணிக் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம். வழக்கு முடியாதவர்களுக்கு அந்தக் கடன் இல்லை. பட்டமில்லாத ரீச்சர்மாருக்குத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. 1971இலிருந்து முன்தகைமை கேளாமல் பட்டப்படிப்புக்குச் சேர்க்கிறார்கள்.

ஒன்று கவனம். இந்த எம்.ஏ. இங்குள்ள பள்ளிகளில் படிப்பிப்பதற்கான ஆசிரியர் தகைமை அல்ல. அதற்கு விண்ணப்பம் வேறு. கட்டணம் கட்டுமுன் கேட்டுத் தெளியுங்கள்.