கரண்டு திரும்பி வந்த மாலை

பேரில் இரும்பு இருக்கிறதே என்று இரும்பையில் பட்டறை தேடுகிறவர்கள் உண்டு. இலுப்பை மரத்தை வைத்து வந்த பேர் என்பார்கள் ஊர்ப் பெரியவர்கள். அங்கே இரண்டரை ஏக்கரில் மல்லாட்டையும் சவுக்கும் வைத்திருக்கிற விவசாயி ஒருவர், மாட்டுக்கொட்டகை ஓரத்தில் ஒரு பெஞ்ச் டிரில்லிங் மிஷின் போட்டிருக்கிறார். பழைய மிஷின்தான். அரை எச்.பி. மோட்டார், 13 மி.மீ. வரை பிட் பிடிக்கும் சக். கல்டிவேட்டர் கொழுவுக்கு ஒரு போல்ட் ஓட்டை போட ஒவ்வொரு முறையும் புதுச்சேரிக்கு ஓடி அரைநாள் போகிறதே என்று வாங்கியது.

வந்த முதல் வாரம் அதை மேசை மேல் சும்மா வைத்துத்தான் ஓட்டினார். மோட்டார், புல்லி எல்லாம் மேலே இருப்பதால் தலை கனம். கைப்பிடியை அழுத்தினால் மொத்தமும் முன்னால் சாய்ந்தது. அப்புறம்தான் கனமான பலகை மேசை செய்து, அடித்தட்டின் ஓட்டைகள் வழியாக போல்ட் போட்டு முடுக்கினார். தட்டு நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கம்பியை வளைத்து சக்கில் பிடித்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையால் சுற்றினார். கம்பி முனை நாலு பக்கமும் ஒரே மாதிரி தட்டை உரச வேண்டும். வலப்பக்கம் இடைவெளி இருந்தது. தட்டின் அடி போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்ய அரைமணி நேரம் ஆனது. அதைச் செய்யாமல் போட்ட ஓட்டைகளெல்லாம் கோணல் என்பது அப்போதுதான் புரிந்தது.

வேகத்துக்கு ஒரு வாய்க்கணக்கு வைத்திருக்கிறார். சாதாரண இரும்புக்கு, எட்டாயிரத்தை பிட்டின் மில்லிமீட்டர் அளவால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வரும். 6 மி.மீ. பிட்டுக்கு சுமார் 1,300, 12 மி.மீ.க்கு 650. எவர்சில்வர் என்றால் அதிலும் பாதிக்குக் கீழே. மோட்டார் பக்கம் சின்னப் புல்லியிலும் சக் பக்கம் பெரிய புல்லியிலும் பெல்ட் இருந்தால் வேகம் குறையும். பெரிய பிட்டை வேகமாக ஓட்டினால் முனை நீலம் பாரித்து மழுங்கிவிடும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் தேயுமே தவிர அறுக்காது.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் அந்த மாலை நடந்தது. ஐப்பசி மழை. கொழுத் தகட்டில் 12 மி.மீ. ஓட்டை பாதி இறங்கியிருக்கும்போது கரண்டு போனது. பிட்டை மேலே தூக்கினார். சுருள் சுருளாக இரும்புத்தூள் சுற்றியிருந்தது. வெளிச்சம் போதாமல் முகத்தைக் கிட்டே கொண்டுபோய் விரலால் எடுத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் துண்டு. சுவிட்சை அணைக்கத் தோன்றவில்லை. ஓடாத மிஷினை யார் அணைப்பார்கள்?

கரண்டு வந்தது. துண்டின் நுனியை சக் பிடித்து இழுத்தது. நெற்றி போய் மிஷினில் மோதியது. சத்தம் கேட்டு ஓடிவந்த மகள் பிளக்கைப் பிடுங்கினாள். அதற்குள் துண்டு இரண்டாகக் கிழிந்திருந்தது. தீபாவளிக்கு வாங்கிய புதுத்துண்டு அப்போது பெட்டியில் இருந்தது. “அந்தப் பழைய துண்டா இருந்ததால பொழைச்சீங்க” என்று மனைவி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மிஷினோடு வந்தது வீட்டு விளக்குக்குப் போடுகிற மாதிரி சாதாரண சுவிட்ச். கரண்டு போனாலும் அது ‘ஆன்’ பக்கமே நிற்கும். வந்ததும் மிஷின் தானாக ஓடும். பம்ப்செட்டின் ஸ்டார்ட்டர் அப்படியில்லை. பச்சைப் பொத்தானை அமுக்கினால் உள்ளே இருக்கிற காயில் பிடித்துக்கொள்ளும். கரண்டு போனால் விட்டுவிடும். மறுபடி அமுக்கினால்தான் ஓடும். முப்பது வருஷமாகக் கிணற்றடியில் அமுக்கி வந்த பொத்தான், மிஷினுக்கும் வேண்டுமென்று அவருக்குத் தோன்றாமல் போனதுதான் வேடிக்கை. இப்போது சிங்கிள் பேஸ் ஸ்டார்ட்டர் ஒன்று மாட்டியிருக்கிறார். மோட்டாரின் ஆம்பியருக்கு ஏற்றதை எலக்ட்ரீஷியன் பார்த்துப் போட்டார். கரண்டு வந்ததும் தானாகப் போடும் ஆட்டோ ஸ்டார்ட்டர் ராத்திரி மோட்டாருக்கு வசதி. டிரில்லிங் மிஷினுக்கு அது எமன். கூடவே எர்த் ஒயரையும் புதிதாக இழுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் வைத்தார்கள். பழைய எர்த் முனை பச்சை பூத்துக் கிடந்தது. உப்புக்காற்றுக்கு யார் வீடு என்ற கணக்கில்லை. மிஷின் தூணுக்கும் தட்டுக்கும் வாரம் ஒருமுறை எண்ணெய் துடைக்கிறார். மூடுவது பருத்தித் துணியால். பிளாஸ்டிக் தாள் போட்டால் உள்ளே வேர்த்து இன்னும் துரு ஏறுகிறது.

மரக்காணத்தில் உப்பளத்தில் வேலை செய்யும் மச்சான் போன மாதம் ஒரு மெல்லிய தகட்டோடு வந்தார். கையில் கிளவுஸ், தோளில் துண்டு.

“மச்சான், துண்ட ஆணியில மாட்டுங்க. கிளவுஸையும் கழட்டிடுங்க.”

“கை கிழிக்காதா?”

“தகட்டைத் தூக்கும்போது போடுங்க. சுத்துற பிட்டுகிட்ட வேணாம். கிளவுஸைப் புடிச்சா விரலோட சேத்து இழுக்கும்.”

தகட்டை அவர் கையில் பிடிக்கவில்லை. அடியில் மரக்கட்டை வைத்து, தட்டோடு சேர்த்து கிளாம்ப் போட்டார். தகட்டின் நீளமான பக்கம் இடப்புறம், தூணில் சாய்ந்தபடி. பிட் வலஞ்சுழியாகச் சுற்றுவதால், சிக்கினாலும் தகடு தூணில் முட்டி நிற்கும்; ஆளை வெட்டாது. மெல்லிய தகட்டை பிட் கவ்வுவது ஓட்டை முடியப்போகிற கடைசி நொடியில்தான். அங்கே அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். பஞ்சால் புள்ளி அடித்து, சக் சாவியை எடுத்து மேசையில் வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“ரெண்டு ஓட்டைக்கு இவ்ளோ சடங்கா?” என்றார் மச்சான்.

அவர் பதில் சொல்லாமல் பச்சைப் பொத்தானை அமுக்கினார்.