லேடீஸ் கம்பார்ட்மெண்ட்டும் என் பாப்பாவும்

காலையில திருவள்ளூர் லோக்கல். தோளில் பை, இடுப்பில் பத்து மாசப் பாப்பா. க்ரெச் அம்பத்தூர்ல, நான் வேலை பார்க்கிற எஸ்டேட் பக்கத்துல. 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினப்போ, 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல குழந்தைகள் காப்பகம் கட்டாயம்னு சொன்னாங்க. அம்மா தினம் 4 தடவை போய்ப் பார்த்துட்டு வரலாமாம். எங்க பட்டறையில மொத்தமே 30 பேர். அப்புறம் எங்கே?

திருநின்றவூர் தாண்டினா நிக்கவே இடம் இருக்காது. கீரைக்கூடையோட வர்ற ஒரு அம்மாதான் தினமும் பாப்பாவை மடியில வாங்கிப்பாங்க. போன வாரம் அம்பத்தூர்ல பாப்பாவை வாங்கறதுக்குள்ள கூட்டம் என்னை வெளியே தள்ளிடுச்சு. திரும்பிப் பார்க்கறேன், ரயில் நகருது. பாப்பா உள்ளே! கத்தினேன். ஜன்னல்ல அந்தம்மா கை மட்டும் ஆடிச்சு.

அடுத்த ரயில் வர்ற வரைக்கும் உயிர் என்கிட்ட இல்லீங்க. பட்டரவாக்கத்துல இறங்கினா, பெஞ்சுல அந்தம்மா. கூடை கீழே, பாப்பா மடியில, அது கையில ஒரு கீரைத்தண்டு.

"உங்க வியாபாரம் போச்சேம்மா..."ன்னு அழுதுட்டேன்.

"தண்ணி தெளிச்சா கீரை தாங்கும். நீ போ, லேட்டாகுது பாரு."

நாலு மாசமா மடி கொடுத்தவங்க. பேரு கூடக் கேட்டதில்லை. நாளைக்குக் கேட்கணும்.