கைந்நாட்டும் கையெழுத்தும்

சென்ற ஆண்டு வெளிவந்த இம்மலரில், எம் சேவைக் கழகத்தின் அறிக்கையுள் ஒரு வாக்கியம் உண்டு. "இவ்வாண்டு இருபத்திரண்டு தாய்மார்களைக் கைந்நாட்டினின்றும் கையெழுத்திற்கு உயர்த்தினோம்" என்பது அது. அதனை எழுதியவர் யாமே. எழுதுங்கால் எம் உள்ளத்தில் ஐயம் சிறிதும் இருந்ததில்லை. அச்சிற் கண்டபொழுது பெருமிதமே கொண்டோம். அவ்வாக்கியம் பொய்யன்று, ஆயினும் மெய்யும் அன்று. அதனைத் திருத்துதல் எம் கடன் எனக் கருதியே இச்சிறு கட்டுரையை வரையத் துணிந்தோம். பெருமையைப் பறைசாற்றிய இடத்திலேயே பிழையையும் அறிக்கையிடுதல் முறையன்றோ?

எம் கழகம் பெரியதொன்றன்று. மாணவரும் மாணவியருமாக முப்பதின்மர் உள்ளோம். தாமிரபரணிக் கரையிற் குப்பை அகற்றுதலும், குருதிக்கொடை அளித்தலும், மழைக்கு முன் குளக்கரைகளிற் பனங்கொட்டை ஊன்றுதலும் அதன் வழக்கமான பணிகள். இவை ஒரு நாளிற் றொடங்கி அந்நாளிலேயே முடிவன. பல நாள் நின்று செய்யும் பணி ஒன்றும் வேண்டுமென விரும்பியே, யாம் கல்லூரியிற் சேர்ந்த ஆண்டில் முதியோர் மாலைப் பள்ளி ஒன்றினைத் தொடங்கினோம். நெல்லை நாட்டிற்கு இப்பணி புதியதன்று. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுஸ் ஐயர் முதலிய மிஷனெரிமார், ஆலயத்தோடு பள்ளியையும் எழுப்பிய நாடு இது. அவ்வழி வந்த கல்லூரியிற் பயிலும் யாம், பெற்றதிற் சிறிதேனும் திருப்பித் தருதல் வேண்டும் என்று எண்ணினோம். எண்ணம் நன்றே, செய்த வகையிற்றான் குற்றம் நேர்ந்தது.

யாம் தெரிந்துகொண்ட சிற்றூர், கல்லூரியினின்று நாலு கல் தொலைவில் ஆற்றின் அக்கரையில் உள்ளது. அங்கே பெண்டிர் பெரும்பாலார்க்குப் பீடி சுற்றுதலே தொழில். இலையை நனைத்து, அளவு வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளை இட்டுச் சுருட்டி, நூலாற் கட்டி, நுனியை மடக்கி முடித்தல் வேண்டும். இத்தனையும் கண் இமைப்பதற்குள் நிகழும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலிக் கணக்கு. வாங்கிய இலையின் எடை, தூளின் எடை, கொடுத்த பீடியின் தொகை, கழிவென்று தள்ளப்பட்டவை ஆகிய யாவும் ஒரு புத்தகத்திற் பதியப்பெறும். புத்தகம் அவர்கள் கையிலேயே இருக்கும். அதிலுள்ள எழுத்து மட்டும் அவர்கள் கைக்கு எட்டாது.

சிற்றாலயத்தின் திண்ணையே எம் பள்ளிக்கூடம். மாலை ஏழு மணிக்கு விளக்கேற்றுவோம். தாய்மார்கள் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே வந்தமர்வர். கை சுற்றிக்கொண்டிருக்கும், கண் கரும்பலகையை நோக்கும். யாம் 'அ' என்று எழுதி, 'அம்மா' என்று ஓதுவித்தோம். ஒரு திங்கள் கழிந்தது. 'ஊ' வரையிலும் வந்தோம். இரண்டாந் திங்களில் முப்பதின்மராய் இருந்தோர் பதினெழுவர் ஆயினர். பகலெல்லாம் உழைத்து வந்தோர்க்கு 'ஊஞ்சல்' என்ற சொல்லில் என்ன சுவை இருத்தல் கூடும்?

அப்பொழுது செப்டம்பர் 8-ஆம் நாள் அண்மித்தது. ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டுக் கழகம் 1966-இல் உலக எழுத்தறிவு நாளாக அறிவித்த நாள் அது. அந்நாளிற் காட்டுதற்கு யாதேனும் ஒரு பயன் வேண்டுமே என எம்முட் கலந்துரையாடினோம். "நெடுங்கணக்கை விட்டுவிடுவோம், அவரவர் பெயரை எழுதக் கற்பிப்போம். இரண்டு வாரம் போதும்" என்றார் எம்மவருள் ஒருவர். யாவரும் இசைந்தோம். உடனே திண்ணை மீண்டும் நிறைந்தது. எழுத்தாக அன்றிக் கோலமாகவே அவர்கள் தம் பெயரைக் கற்றனர். புள்ளி எங்கே, சுழி எங்கே, வால் எங்கே என்று நினைவில் இருத்திக்கொண்டனர். கோலமிட்டுப் பழகிய விரல்களுக்கு அஃது அரிதன்று. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய வாரத்தில் ஒரு கூட்டம் நடத்தினோம். வெள்ளைத் துணி ஒன்றில் இருபத்திருவரும் கையெழுத்திட்டனர். கைந்நாட்டு மைப்பெட்டியை மேடையில் வைத்து மூடினோம், கைதட்டல் எழுந்தது, படம் பிடித்தோம். அறிக்கையில் ஏறிய தொகை அதுவே.

அவ்விருபத்திருவருள் மூத்தவர் ஓர் அம்மையார், ஐம்பது வயதினர். தம் பெயரின் இறுதியில் ஒரு சிறு கோடிழுத்து முடிப்பது அவர் வழக்கம். மறு ஆண்டு ஆடித் திங்களில், பாடம் முடிந்து யாம் புறப்படுங்கால், அவர் ஒரு தாளைக் கொணர்ந்து எம்மிடம் நீட்டினார். சிறுகடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றின் தாள் அது. அண்டை வீட்டார் ஒருவர் பெற்ற 40,000 ரூபாய்க் கடனுக்கு இவர் பிணை நின்றதாக அதிற் கண்டிருந்தது. கடன் பெற்றவர் பிழைப்புத் தேடி வேற்றூர் சென்றுவிட்டார். வாரத்திற்கு 870 ரூபாய்த் தவணை இவர் தலையில் விழுந்தது. மூன்று நாட் கூலியும் அதற்குப் போதாது. குழுக் கூட்டத்திற்கு வந்தமைக்கு அடையாளம் என்று எண்ணியே கையெழுத்திட்டதாக அவர் கூறினார்.

"வாசித்துக் காட்டச் சொல்லவில்லையா, அம்மா?" என்று வினவினோம்.

"முன்னெல்லாம் பெருவிரலை உருட்டணும்னா ரெண்டு பேரைச் சாட்சிக்குக் கூப்பிடுவாக, தம்பி. தாளிலே என்ன இருக்குன்னு ஒருத்தர் வாசிச்சுக் காட்டுவாக. இந்தத் தடவை, 'ஒங்களுக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமே'ன்னு சொல்லி நாலு இடத்திலே விரலை வச்சுக் காட்டினாக. நானும் போட்டேன்" என்றார்.

அவர் குரலிற் சினம் இல்லை. சினந்திருப்பின் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் அவரோடு அந்நிறுவனத்தின் கிளைக்குச் சென்றோம். அங்கிருந்த அலுவலர் கோப்பினை எடுத்துத் திறந்து, "இஃது உங்கள் கையெழுத்துத்தானே?" என்றார். அம்மையார் உற்றுநோக்கி, "ஆமாம், என்னுதுதான்" என்றார். அச்சொல்லில் அப்பொழுதும் ஒரு சிறு பெருமை இருந்தது. அதுவே எம்மைச் சுட்டது. கடன் பெறுவோர்க்கு விளங்கும் மொழியில் விவரத்தாள் கொடுத்தல் வேண்டும் என்று 2022-இல் ரிசர்வ் வங்கி விதித்துளது. தாள் தமிழிலேதான் இருந்தது; விதி வழுவவில்லை. மொழி அவருடையது, எழுத்து மட்டும் அவருடையதன்று.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. கல்வெட்டியல் வகுப்பிற் கேட்ட ஒரு சொல் நினைவிற்கு வந்தது. எழுத்தறியாதாரை இகழ்வதற்கு இக்காலத்தார் வழங்குஞ் சொல் 'தற்குறி' என்பது. பழைய கல்வெட்டுக்களில் அஃது இழிசொல்லன்று. எழுத்தறியாதான் ஆவணத்தில் இடும் அடையாளமே தற்குறி. அக்குறியைத் தனியே விட்டுவிடுதல் வழக்கமன்று. எழுத்தறிந்த ஒருவன் அருகிருந்து, இஃது இன்னான் இட்ட குறி எனச் சான்று கூறித் தன் கையெழுத்தையும் இடுவான். விரற்பதிவோ பிற்காலத்து வழக்கு. வங்காளத்தில் ஆங்கில அதிகாரியாய் இருந்த வில்லியம் ஹெர்ஷல் என்பார், 1858-இல் ஒப்பந்தக்காரர் ஒருவரின் கைப்பதிவை ஆவணத்திற் பெற்றார்; 1897-இல் கல்கத்தாவில் விரற்பதிவு அலுவலகம் நிறுவப்பெற்றது. ஆயினும், குறி இடுவோன் அருகே சான்று நிற்கும் பழைய வழக்கு, பெருவிரல் உருட்டும் இக்காலத்தும் முற்றும் அழிந்திலது. கைந்நாட்டு என்பது எழுத்தறியாமையின் அடையாளம் மட்டுமன்று. "இவர்க்குப் படித்துக் காட்டுக" என்று பிறரை வேண்டும் ஓர் ஏவலும் ஆகும். யாம் மைப்பெட்டியை மூடியபொழுது அவ்வேவலையும் உடன் மூடிவிட்டோம். அதற்கு ஈடாக யாம் கொடுத்தது என்ன? படிக்கும் திறன் அன்று. படிக்கத் தெரிந்தவர் என்ற தோற்றம் மட்டுமே.

நம் நாட்டு மக்கட்கணக்கு, ஏழு வயதும் அதற்கு மேலும் உடையாருள், யாதேனும் ஒரு மொழியைப் பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் வல்லாரையே எழுத்தறிவுடையார் எனக் கொள்ளும். 1951-இல் இந்தியாவில் நூற்றுக்கு 18 பேராய் இருந்த எழுத்தறிந்தோர், 2011-இல் 73 பேர் ஆயினர். தமிழ்நாட்டில் அது 80 ஆயிற்று. மகிழத்தக்க வளர்ச்சியே. ஆயினும் மக்கட்கணக்கின் அவ்விலக்கணப்படி எம் இருபத்திருவருள் ஒருவரும் தேறார். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுந்த அறிவொளி இயக்கத்தார் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்டிர்க்குக் கற்பித்தனர் என அறிவோம். கற்ற எழுத்து வாழ்க்கையிற் சென்று சேர்தற்கு ஒரு வழி வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். யாமோ எண்ணிக்கை அறிக்கையிற் சென்று சேர்தற்கே வழி தேடினோம்.

கழகத்தார் கூடி, தவணைக்கு வேண்டும் பணத்தைத் திரட்டித் தருவதெனத் தீர்மானித்தோம். அம்மையார் மறுத்துவிட்டார். "பணம் வேண்டாம், தம்பி. அந்தத் தாளை வாசிக்கச் சொல்லிக் குடுங்க" என்றார். பதினொரு வாரம் அவரே செலுத்தினார். ஆக 9,570 ரூபாய். தீபாவளிக்கு ஊர் திரும்பிய அண்டை வீட்டார் எஞ்சிய தவணைகளைத் தாம் ஏற்றுக்கொண்டனர். சென்ற பணம் இன்றுகாறும் திரும்பவில்லை.

ஆவணித் திங்களிற் பள்ளியைப் புதிதாகத் தொடங்கினோம். 'அம்மா', 'ஊஞ்சல்' என்பவற்றை ஒதுக்கிவைத்து, பீடிப் புத்தகத்தையே பாடநூலாகக் கொண்டோம். இலை, தூள், கட்டு, கூலி, கழிவு என்பன முதற் பாடங்கள். அடுத்து, கடையிற் பயிலும் மீன், மிளகாய், உப்பு, அரிசி. அவற்றின் பின்னர்க் கடன், வட்டி, தவணை, பிணை. இவையன்றி, ஞாயிறு தோறும் ஆராதனை முடிந்தபின், திண்ணையில் ஒரு மேசையிட்டு இருவர் அமர்வோம். ஊரார் எத்தாளைக் கொணரினும் முதல் வரி தொடங்கி இறுதி வரி வரையிற் படித்துக் காட்டுவோம். கேட்டு முடியுமட்டும் கையெழுத்து இடலாகாது என்பது ஒன்றே எம் விதி. இதற்கு விழா இல்லை, படம் இல்லை. வருவோரும் பலரல்லர். மாலைப் பள்ளியில் இன்று ஒன்பதின்மரே உளர்.

தைத் திங்களில் ஒரு ஞாயிறு. அவ்வம்மையார் மேசைக்கு வந்தார். உறவினர் ஒருவர் வேறொரு கடன் தாளைக் கொணர்ந்து கையெழுத்துக் கேட்டாராம். "எழுதுகோலைக் கையிலே எடுத்திட்டேன், தம்பி. இந்த இடத்தைப் பார்த்ததும் கீழே வச்சிட்டேன். முன்னெழுத்து எனக்குத் தெரியல்லே. அதுக்குப் பின்னாலே மீன்னு எழுதியிருக்கு. கடன் தாளிலே மீனுக்கு என்ன வேலை?" என்று விரலை வைத்துக் காட்டினார்.

குனிந்து நோக்கினோம். 'ஜாமீன்தாரர்' என்று அச்சிட்டிருந்தது.

தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய யாம், தூய தமிழின் மேற்கொண்ட ஆர்வத்தால் 'பிணை' என்ற சொல்லைக் கற்பித்திருந்தோம். தாள் எழுதினோரோ 'ஜாமீன்' என்று எழுதியிருந்தனர். 'ஜ' என்னும் எழுத்தை அத்திண்ணையில் யாம் எழுதிக் காட்டியதே இல்லை. எம் பாடத்தில் இருந்த குறையை, யாம் கடைத்தெருவிற்கென்று கற்பித்த ஒரு மீன் நிரப்பிற்று. அருகிருந்தோர் நகைத்தனர், அம்மையாரும் நகைத்தார். பின்னர் அத்தாளை முதலினின்று படித்துக் காட்டினோம். அவர் முழுவதும் கேட்டு, சற்றுச் சிந்தித்து, கையெழுத்திடாமலே மடித்து எடுத்துச் சென்றார். அன்று மாலையே கரும்பலகையில் 'ஜ' எழுதப்பட்டது.

அப்போஸ்தலர் நடபடிகளில், தேரில் அமர்ந்து ஏசாயாவின் ஆகமத்தைப் படித்துக்கொண்டு சென்ற எத்தியோப்பிய மந்திரியைப் பிலிப்பு அணுகிய வரலாற்றை நாம் அறிவோம். படிப்பது விளங்குகின்றதா என்பதே பிலிப்பு வினவிய முதல் வினா. மந்திரியும், வழிகாட்டுவார் இல்லாக்கால் எங்ஙனம் விளங்கும் எனக் கூறி, அவரைத் தேரில் ஏறித் தம் அருகே அமருமாறு வேண்டிக்கொண்டார். ஊழியம் என்பது அருகே ஏறி அமர்தல் என இதுகாறும் யாம் உணர்ந்திலம். சாலையோரத்தில் நின்று தேர்களை எண்ணிக்கொண்டிருந்தோம்.

ஆதலின் இவ்வாண்டுக் கழக அறிக்கையில், எழுத்தறிவுப் பணி என்னுந் தலைப்பின்கீழ்த் தொகை ஒன்றும் இராது. ஒன்பதின்மர் பயில்கின்றனர், ஒருவரும் முடித்திலர் என்று மட்டும் இருக்கும். அதனைக் காணும் பழைய மாணவர்களும் ஆசிரியர்களும் எம்மைச் சோம்பர் என்று கருதாதிருப்பார்களாக. ஓய்வுடைய நண்பர்கள் ஞாயிறு பத்து மணியளவில் அச்சிற்றாலயத் திண்ணைக்கு வருவார்களாயின், மேசையின் அருகே இன்னும் ஒரு நாற்காலி இடுதற்கு இடம் உண்டு. தமிழை உரக்கவும் நிறுத்தியும் படிக்கத் தெரிந்திருத்தல் ஒன்றே வேண்டுந் தகுதி.