ஓடு என்னும் ஏவல்

தமிழ் வாத்தியாருக்குக் கருந்திரை எதற்கு என்று ஆசிரியர் அறையில் கேலி செய்தார்கள். சுட்டியைத் தொடாமல், படங்கள் ஏதுமற்ற கறுப்புச் சாளரத்தில் ஒற்றை வரியாக எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்த நம்மைப் பார்த்து, "என்ன சார், சூனியம் வைக்கிறீர்களா?" என்றார் இயற்பியல் துறை நண்பர். நமக்கு நாமே வைத்துக்கொண்டிருந்தோம் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

2003ஆம் ஆண்டு, முதுகலை மாணவராக இருந்த காலத்தில், தென்மாவட்டத்துக் கரிசல் ஊர்களில் ஒப்பாரி சேகரித்தோம். ஒலிநாடாவில் பதிந்ததை இரவுகளில் திரும்பத் திரும்பக் கேட்டு, விண்டோஸ் 98 ஓடிய பழைய கணினியொன்றில் முரசு அஞ்சல் துணையோடு தட்டச்சு செய்து வைத்தோம். 61 கோப்புகள், ஆச்சிக்கு ஒரு கோப்பு. பாடியவர்களில் இன்று ஒருவரும் உயிரோடு இல்லை. நாடாக்களும் பூஞ்சை பிடித்துப் போயின. ஆக, அந்தக் குரல்களில் எஞ்சியவை அக்கோப்புகள் மட்டுமே.

அவற்றைப் பல ஆண்டுகள் கழித்துத் திறந்தால், தலையில் கொம்பும் குறியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிவரியாக நின்றன. நாம் தட்டச்சு செய்தது திஸ்கிக் குறிமுறையில். இன்றைய கணினிகள் பேசுவது ஒருங்குறி. 'தேடி மாற்று' வசதியைக் கொண்டு எழுத்துக்கு எழுத்து மாற்றிவிடலாம் என்று எண்ணி ஏமாந்தோம். திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமிக்கும். 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம். ஒருங்குறியிலோ ககரம் முன், கொம்பு பின். 'கொ' வந்துவிட்டால் ககரத்தின் இருபுறமும் நிற்பவற்றைப் பிடித்து ஒன்றாக்க வேண்டும்.

கணினித் துறை மாணவர் ஒருவர்தான் வழி சொன்னார். "லினக்ஸ்ல இதுக்கு ஒரே வரி போதும், ஐயா." திஸ்கியை அறிந்த 'ஐகான்வி' என்ற கட்டளை அதில் உண்டாம். நம் மடிக்கணினியில் லினக்ஸை நிறுவித் தந்து, கட்டளை எழுதும் முறையையும் கற்பித்துவிட்டுப் போகும்போது வாசலில் நின்று, "முதல்ல எல்லாத்துக்கும் ஒரு நகல் எடுத்து வச்சிடுங்க, ஐயா" என்றார். ஆகட்டும் தம்பி என்றோம்.

உண்மையில் அந்த முதல் மாலையில் நமக்குப் பெருமகிழ்ச்சி. ஏனெனில் கருந்திரையில் இருப்பது இலக்கணம். முதலில் வினை, அடுத்து, வினை எப்படி நிகழவேண்டும் என்று சொல்லும் அடை, இறுதியில் செயப்படுபொருள். 'ஆர் எம்' என்றால் நீக்கு. அதனோடு சிறுகோடிட்டு 'ஐ' சேர்த்தால், ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு நீக்கு. தமிழில் வினைப்பகுதியே முன்னிலை ஒருமை ஏவலாகவும் நிற்கும் என்பதை நன்னூல் படித்தவர் அறிவர். நட என்பது பகுதியும் ஆகும், கட்டளையும் ஆகும். கருந்திரையிலும் அவ்வாறே, கட்டளையின் பெயரைச் சொன்னாலே ஏவியதாகிவிடுகிறது. நாம் எழுதும் வரியை வாங்கிப் பொருள் கொண்டு உரிய கட்டளையை அழைக்கும் நிரலுக்கு ஆங்கிலத்தில் ஷெல் என்று பெயர். தமிழில் ஓடு. (பெயர்ச்சொல்லாகப் படித்தாலும் சரி, ஏவலாகப் படித்தாலும் சரி, இப்படியொரு சிலேடை ஆங்கிலத்துக்கு வாய்க்கவில்லை.)

கட்டளைப் பெயர்கள் இத்தனை குறுகியிருப்பதற்கும் காரணம் உண்டு. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸை உருவாக்கத் தொடங்கியபோது அவர்கள் முன் தாளில் அச்சடிக்கும் தொலைத்தட்டச்சுப் பொறி இருந்தது. நொடிக்குப் பத்து எழுத்து அதன் வேகம். விசைகளையும் அழுத்தி அழுத்தித்தான் அடிக்கவேண்டும். ஓர் எழுத்து மிச்சமானாலும் இலாபம் என்ற நிலையில் பிறந்த சுருக்கம் அது. நூற்பா செய்தவர்கள் கண்டால் மகிழ்ந்திருப்பார்கள்.

இரண்டாம் நாள் இரவு தனியே உட்கார்ந்தோம். சோதனைக்காக ஒரே ஒரு கோப்பு. திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்று, கோப்பின் பெயர் இது, விளைவை வலப்பக்கம் நோக்கும் கூர்க்குறி வழியே இந்தக் கோப்பில் எழுது என்று கட்டளையிட்டோம். இரண்டு இடத்திலும் ஒரே பெயரைக் கொடுத்தோம். பழையது போய்ப் புதியது அதே இடத்தில் அமரட்டும் என்பது எண்ணம். கணப்பொழுதில் முடிந்தது; பிழைச்செய்தி இல்லை. யுனிக்ஸ் மரபில் மௌனம் வெற்றிக்கு அறிகுறி என்று மாணவர் சொல்லியிருந்தார். கோப்பைத் திறந்தோம். ஒன்றும் இல்லை. அளவு 0.

நடந்தது இது. கூர்க்குறியைக் கண்ட ஓடு, கட்டளையை அழைக்கும் முன்பே, குறிக்கு வலப்புறம் உள்ள கோப்பைத் திறந்து, வெறுமையாக்கி, எழுதத் தயாராக வைத்துவிடுகிறது. அதன் பிறகே ஐகான்வி வருகிறது. படிக்கப்போன இடத்தில் எதுவும் இல்லை. இல்லாததை ஒழுங்காக மாற்றி, இல்லாததை எழுதிவிட்டுத் திரும்பியது. நாம் வரியை ஆற்றுநீராகப் படித்தோம். ஓடு கொண்டுகூட்டாகப் படித்தது. பொருள்கோள் எட்டு என்று ஆண்டுதோறும் வகுப்பெடுக்கிறவர் நாம்.

நகல் எடுக்கவில்லை. பழைய வன்தட்டிலிருந்து கோப்புகளை மடிக்கணினிக்கு மாற்றிய கையோடு தட்டைப் பழைய சாமான்காரரிடம் போட்டிருந்தோம். மாணவர் இரண்டு மாலைகள் மீட்புக் கருவிகளை ஓட்டிப் பார்த்தார், கிடைக்கவில்லை. நகல் எடுத்தீர்களா என்று அவர் ஒருமுறையும் கேட்கவில்லை.

மீதி 60 கோப்புகளும் நகல் எடுத்தபின் ஒரு நிமிடத்துக்குள் தமிழாயின. அதன்பின் அவற்றை நாம் படித்த விதமே வேறு. 'கிரெப்' என்ற கட்டளையிடம் 'தொட்டில்' என்று கேட்டோம். அச்சொல் வரும் வரிகளை எல்லாம் கோப்பின் பெயரோடு எடுத்துவந்து கொட்டியது. ஒன்றையொன்று அறியாத இரண்டு ஊர்களின் ஆச்சிமார், இறந்த கணவனைப் பாடும்போது இருவருமே தொட்டிலுக்குப் போயிருந்தார்கள். தாலாட்டும் ஒப்பாரியும் ஒரு தாய் மக்கள் என்று தேர்வில் எழுதியிருக்கிறோம். இது கண்முன் அடுத்தடுத்த இரு வரிகளாக வந்து நின்றது. 1973இல் யுனிக்ஸுக்கு வந்த 'குழாய்' இன்னும் அருமை: டக்ளஸ் மெக்கில்ராய் வலியுறுத்த, தாம்சன் செய்துகொடுத்தது. ஒரு கட்டளையின் விளைவு அடுத்ததன் உள்ளீடாகப் பாயும். சொற்களைப் பிரி, வரிசைப்படுத்து, ஒன்றானவற்றை எண்ணு, மிகுதியானதை மேலே வை. இங்கே நம் ஆற்றுநீர்ப் படிப்பு பலித்தது.

வரிசைப்படுத்துவதில் மட்டும் சண்டை. குறியெண் வரிசையில் அடுக்கச் சொன்னால் ககர மெய் 'கௌ'வுக்கும் பின்னால் போய் நிற்கிறது. னகரம் நகரத்தை ஒட்டிக்கொள்கிறது. எண்ணுவதிலும் அப்படியே. 'தமிழ்' என்ற சொல்லில் நமக்கு எழுத்து மூன்று. 'டபிள்யூ சி' கட்டளைக்கு, வரிமுடிவை விட்டுவிட்டால், குறி ஐந்து, பைட்டு பதினைந்து. மூன்றும் சரி என்று மாணவர் வாதிட்டார். எழுத்து எனப்படுவது எது என்பதைப் பற்றி மரத்தடியில் அவரோடு ஒரு மணி நேரம் பேசினோம். வகுப்பில்கூட அப்படிப் பேசியதில்லை.

அந்தக் கோப்புக்குரிய ஆச்சி, பாட்டுக்கு நடுவே நிறுத்தி முற்றத்துக் கோழியை விரட்டுவார். பிறகு விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவார். கோழியை விரட்டியதையும் அடைப்புக்குறிக்குள் தட்டச்சு செய்திருந்தோம். பாட்டில் இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் நினைவில்லை. 'எல் எஸ்' கொடுத்துப் பட்டியலிடும் ஒவ்வொரு முறையும் 61 பெயர்கள் வருகின்றன; ஒன்றன் எதிரே 0. நீக்கும் கட்டளை இரண்டே எழுத்து. நாம் இன்னும் அடிக்கவில்லை.