கரும்பலகையில் இருந்த தேதி

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

போன மாதம் திருப்பூரிலிருந்து ஒரு பழைய மாணவி போன் செய்தாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம். "சார், நான் ஒன்பதாவது படிக்கும்போது அறிவியல் கண்காட்சிக்கு எங்க அப்பா வந்தாரு. நீங்க போட்டோ எடுத்தீங்க. அது இருக்குமா சார்? ரேஷன் கார்டுல இருக்கற படத்தைத் தவிர அப்பா படம் எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல" என்றாள். அவள் பத்தாவது போகும்முன் அவர் இறந்துவிட்டார்.

"இருக்கும்மா, தேடித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்வது சுலபம். கேமரா வாங்கிய நாள் முதல் எடுத்ததையெல்லாம் சி.டி.யில் போட்டு பீரோவில் அடுக்கி வைப்பது என் வழக்கம். முப்பத்தெட்டு சி.டி. இருந்தது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டரில் கொட்டினேன். "இதே பெயரில் ஃபைல் உள்ளது, மாற்றிவிடலாமா?" என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் 'சரி' கொடுத்தேன். ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டிய படங்கள் சில நூறாக நின்றன.

கேமரா, படத்துக்கு நான்கு இலக்க எண்தான் வைக்கிறது. 0001-இல் தொடங்கி 9999 வரை. பல கேமராக்களில் மெமரி கார்டை மாற்றினால் மறுபடி 0001. என்னிடம் 0001 என்ற பெயரில் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட படங்கள் இருந்தன. ஒரே வகுப்பில் இருபது பேருக்கு ஒரே பெயர் வைத்தால் வருகைப் பதிவேடு என்ன ஆகும்? அதுதான் நடந்தது. நல்லவேளை, சி.டி.களைத் தூக்கிப் போடவில்லை. மறுபடி ஒவ்வொன்றையும் தனித்தனி ஃபோல்டரில் ஏற்றினேன்.

பேரன்தான் வழி சொன்னான். டிஜிட்டல் கேமரா படம் எடுக்கும்போதே அதன் உள்ளே தேதி, நேரம், கேமராவின் பெயர் எல்லாம் எழுதி வைத்துவிடுகிறது. இதற்கு எக்சிஃப் என்று பெயர். 1995-இல் ஜப்பானில் வகுத்த முறை. நாம் ஃபைலுக்கு என்ன பெயர் வைத்தாலும் உள்ளே இருக்கும் தேதி மாறாது. கம்ப்யூட்டரில் வெளியே தெரியும் தேதியை நம்பக் கூடாது. அது பல சமயம் காப்பி செய்த தேதியாகவோ திருத்திய தேதியாகவோ இருக்கும்.

அந்த உள் தேதியைப் படித்து, ஆயிரம் படங்களுக்கும் ஒரே கட்டளையில் பெயர் மாற்ற எக்சிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் உள்ளது. கனடாவைச் சேர்ந்த ஃபில் ஹார்வி 2003-இல் வெளியிட்டது. இன்றுவரை புதுப்பிக்கப்பட்டு வருகிறது. பெயரில் ஆண்டு, மாதம், நாள், பிறகு மணி, நிமிடம், நொடி என்ற வரிசையில் வைத்தோம். ஆண்டு முதலில் வந்தால் பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். நாம் பழகியபடி நாளை முதலில் எழுதினால் எல்லா ஆண்டின் ஒன்றாம் தேதியும் ஒன்றாகப் போய் நிற்கும். ஒரே நொடியில் இரண்டு படம் இருந்தால் கடைசியில் ஓர் எண் சேர்த்துக்கொள்ளும். முதலில் பெயரை மாற்றாமல் பட்டியலை மட்டும் காட்டச் சொல்லிப் பார்த்தோம். முன்பு சூடுபட்டதால், பிரதி எடுத்து வைத்துவிட்டே தொடங்கினோம்.

கண்காட்சிப் படம் கிடைத்துவிட்டது. மகள் செய்த எரிமலை மாதிரிக்குப் பக்கத்தில் அவர், மடித்துக் கட்டிய வேட்டியை அவசரமாக இறக்கிவிட்டபடி நிற்கிறார். ஆனால் ஃபைலின் பெயர் 2005 ஜனவரி 3, நள்ளிரவு 1.50 மணி என்றது!

செந்துறைக்காரர்களுக்குத் தேதி மாறினால் மாவட்டமே மாறிவிடும். 2001 ஜனவரியில் அரியலூர் மாவட்டமானோம். அடுத்த ஆண்டே திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 23.11.2007 அன்று மறுபடி அரியலூர். 2005-இல் நாம் பெரம்பலூர் மாவட்டம். படத்தில் பின்னால் தொங்கும் பேனரிலோ 'அரியலூர் மாவட்டம்' என்று இருக்கிறது. கேமரா பொய் சொல்லியிருக்கிறது. பேட்டரி தீர்ந்து புதிது போட்டபோது கடிகாரம் 2005 ஜனவரி 1-க்குப் போய்விட்டது. நானும் திருத்தவில்லை. தவறு என்னுடையதுதான்.

சரியான தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது? அதே கார்டில் முன்னும் பின்னும் எடுத்த படங்களைப் பார்த்தேன். இரண்டு நாள் முந்தைய ஒரு படத்தில், ஒரு பையன் கரும்பலகையில் வரைந்த மனித இதயம். அழகாக இருந்ததால் எடுத்திருக்கிறேன். பலகையின் மேல் மூலையில், நீங்கள் தினமும் காலையில் எழுதுவீர்களே, அது இருந்தது: நாள் 10.02.2009, செவ்வாய். பதிவு 42, வருகை 39. கேமரா அதற்கு வைத்த தேதி 01.01.2005. வித்தியாசம் 1501 நாள். அன்று எனக்கு இரண்டாம் பாடவேளை என்பதை வைத்து மணியும் ஏறக்குறையக் கணக்கிட்டோம். அந்தக் கார்டில் இருந்த எல்லாப் படங்களின் தேதியையும் அந்த அளவு முன்னே நகர்த்தினோம். இதற்கும் அந்த மென்பொருளில் கட்டளை உண்டு. அந்தப் படம் 12.02.2009, காலை பதினொன்றே கால் மணி வாக்கில் வந்து நின்றது.

படத்தை அனுப்பிவிட்டுப் போன் செய்தேன். "12.02.2009-ம்மா, வியாழக்கிழமை" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வியாழக்கிழமையா சார்? நான் ஞாயித்துக்கிழமைன்னே நெனச்சிட்டிருந்தேன். லீவு நாள், அதனால வந்தாருன்னு... அப்போ கூலியை விட்டுட்டு வந்திருக்காரு சார்" என்றாள். அவர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் தினக்கூலி. போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அதைப் பற்றி அவர் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லையாம்.

நின்னியூர்ப் பக்கம் உங்களை அழைத்துப் போய்ப் புதைபடிவங்களைக் காட்டியது நினைவிருக்கிறதா? கல்லைக் கண்டால் உடனே பெயர்த்து எடுக்காதீர்கள், எந்த அடுக்கில் கிடந்தது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள் என்பேன். அடுக்கை விட்டுப் பெயர்த்தால் வயது சொல்வது கடினம். படத்துக்கும் அப்படித்தான். தேதி போய்விட்டால் பாதிச் செய்தி போய்விடும்.

இப்போது வேண்டுகோள். உங்களிடம் உள்ள பள்ளிப் படங்களை எனக்கு அனுப்புங்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் படமாக அனுப்பினால் உள்ளே இருக்கும் தேதி அழிந்துவிடும். 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். காகிதப் படத்தை ஸ்கேன் செய்தால் அதில் எடுத்த தேதி இருக்காது. நினைவில் உள்ள தேதியை நீங்களே எழுதி அனுப்புங்கள். உங்கள் கேமராவின் கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அந்தப் பலகையில் தேதி எழுதியது யார் என்று தெரியவில்லை. கையெழுத்து கொஞ்சம் கோணல். இதைப் படித்தால் சொல்லப்பா, உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.