தேங்காய் எண்ணெயே உறையும் டெல்லிக் குளிர்... மூன்று நாள் டூருக்குப் பையில் என்ன வைக்கலாம்?

அரையாண்டு விடுமுறை தொடங்கும் வாரத்தில் சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நிற்கும் நடைமேடைக்குப் போனால் டெல்லிக்குக் கிளம்பும் குடும்பங்களைப் பார்க்கலாம். அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டும். பாட்டியின் மடியில் புளியோதரைப் பொட்டலம். பீரோவின் அடித்தட்டில் கிடந்த ஒரே ஒரு ஸ்வெட்டர் பையின் மேலாக எட்டிப்பார்க்கும். "ஊட்டிக் குளிரையே பார்த்தாச்சு, டெல்லி என்ன பெரிய டெல்லி?" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்.

சுமார் 33 மணி நேரம் கழித்து புதுடெல்லி ஸ்டேஷனில் இறங்கும்போது வாயைத் திறந்தால் புகை வரும். குழந்தைகளுக்கு அது விளையாட்டு. பாட்டிக்கு அப்படியில்லை.

ஜனவரியில் சென்னையின் குறைந்தபட்ச வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இருக்கும். டெல்லியில் அது சராசரியாக 7 டிகிரி. சில நாட்களில் 4, 3 என்றும் இறங்கும். ஊட்டியிலும் இந்த எண்கள் உண்டுதான். ஆனால் அங்கே காலை 9 மணிக்கு வெயில் வந்துவிடும். டெல்லியில் மூடுபனி பிடித்துக்கொண்டால் பகல் முழுக்கச் சூரியனைப் பார்க்க முடியாத நாட்களும் உண்டு. அறைக்குள்ளும் குளிர் விடாது. பல பட்ஜெட் ஹோட்டல்களில் ஹீட்டர் கிடையாது, இருந்தாலும் தனிக் கட்டணம் கேட்பார்கள். ரூம் புக் செய்யும்போதே ஹீட்டர் உண்டா, வெந்நீர் எந்நேரமும் வருமா, ஆளுக்கொரு ரஜாய் தருவார்களா என்று கேட்டுவிடுவது நல்லது. ரஜாய் என்றால் பஞ்சு அடைத்த கனமான மெத்தைப் போர்வை.

ஒரு தடிமன் ஸ்வெட்டர் போதாது

தடிமனான ஒன்றைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு போடுவதே குளிரைத் தாங்கும். உடம்பை ஒட்டித் தெர்மல், அதன்மேல் முழுக்கைச் சட்டை அல்லது ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். மெட்ரோவுக்குள் நுழைந்தால் கூட்டத்தில் புழுங்கும், ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம். மூன்று நாளுக்கு ஆளுக்கு இரண்டு செட் தெர்மல் போதும். ஜாக்கெட்டைப் பையில் வைக்காமல் கையில் எடுத்துப் போனால் விமானத்தில் லக்கேஜ் எடை மிச்சம்.

சேலையைத் தவிர வேறு உடுத்தாத அம்மாக்களும் பாட்டிகளும் உள்ளே தெர்மல் பேன்ட் போட்டுக்கொள்ளலாம், வெளியே தெரியாது. மேலே ஸ்வெட்டர், அதன்மேல் கம்பளிச் சால்வை. ஷூ பிடிக்காதவர்களுக்குக் கட்டைவிரல் தனியாகப் பிரிந்த சாக்ஸ் கிடைக்கிறது. செருப்போடு போட்டுக்கொள்ளலாம், வட இந்தியப் பெண்கள் பலர் அப்படித்தான் நடமாடுகிறார்கள். மங்கி கேப் போட வெட்கப்படும் காலேஜ் பிள்ளைகளும் முதல் நாள் மாலை ஆட்டோவில் போய்வந்த பிறகு காதை மூட எதையாவது தேடுவார்கள்.

பலரும் மறப்பது ஒன்று உண்டு. பனி நாட்களில் துவைத்த துணி காயவே காயாது. கைக்குட்டைகூட மறுநாள் ஈரமாகவே இருக்கும். உள்ளாடையும் சாக்ஸும் நாளுக்கு ஒன்று என்று எண்ணி, மேலே இரண்டு சேர்த்து வையுங்கள். ஜீன்ஸ் ஒன்று போதும்.

எல்லாவற்றையும் இங்கேயே வாங்கிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். ஸ்டேஷனில் இறங்கும் முதல் காலையைத் தாங்குவதற்குத் தெர்மலும் ஒரு ஸ்வெட்டரும் ஊரிலிருந்து போனால் போதும். சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஜாக்கெட், கையுறை, மஃப்ளர் எல்லாம் பேரம் பேசி வாங்கலாம். திங்கள்கிழமை அங்கே விடுமுறை.

காலில் என்ன?

டெல்லியில் ஒரு நாளைக்குப் பலமுறை காலணியைக் கழற்ற வேண்டியிருக்கும். பங்களா சாஹிப் குருத்வாராவின் வாசலில் ஓடும் தண்ணீரில் கால் நனைத்துத்தான் உள்ளே போக வேண்டும். பிறகு பளிங்குத் தரை, ஐஸ் மேல் நடப்பது போலிருக்கும். ஆர்.கே.புரத்தில் நம் ஊர்க்காரர்கள் கூடும் மலை மந்திர் முருகன் கோயிலிலும் காலையில் கருங்கல் தரை சில்லிடும். அதனால் கயிறு கட்டும் ஷூவைவிட மாட்டிக் கழற்றும் ஷூ வசதி. கைப்பையில் சின்னத் துண்டும் ஒரு ஜோடி சாக்ஸும் இருக்கட்டும். குருத்வாராவில் தலையை மூட வேண்டும், கழுத்து மஃப்ளரே அதற்கு உதவும். லங்கரில் உட்கார்ந்து சூடான பருப்பும் ரொட்டியும் சாப்பிட்டால் கால் குளிர்ந்தது மறந்துபோகும்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குறுகிய வாய் பாட்டிலில் கொண்டுபோனால் மூன்று நாளும் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அகல வாய் டப்பாவில் வைத்தால் விரலால் எடுத்துத் தேய்க்கலாம். வறண்ட காற்றில் உதடும் குதிகாலும் சீக்கிரம் வெடிக்கும், வாசலின் ஒரு டப்பா வேண்டும். தாகம் தெரியாது என்பதால் பெரியவர்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். சின்ன ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வைத்து அவ்வப்போது கொடுங்கள்.

காற்றைப் பற்றி யோசித்துவிட்டுப் புக் செய்யுங்கள்

டிசம்பர், ஜனவரியில் டெல்லியின் காற்று மோசமாக இருக்கும். துணி மாஸ்க் நுண்துகள்களைத் தடுக்காது, என்95 வேண்டும். இன்ஹேலர் பயன்படுத்துபவர்கள் அதைப் பெட்டியில் அல்ல, சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். வீட்டில் வீஸிங் உள்ள குழந்தையோ இதய நோய் உள்ள பெரியவரோ இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு டிக்கெட் போடுவதே சரி. அவர்களுக்காகப் பயணத்தைப் பிப்ரவரி இறுதிக்குத் தள்ளிவைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. குளிரும் இதமாகியிருக்கும், பூங்காக்களில் பூக்களும் நிறைந்திருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. குளிருக்கு மூடிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டித் தூங்கியவர்கள் இறந்துபோன செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வட இந்தியாவிலிருந்து வருகிறது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. லாட்ஜிலோ உறவினர் வீட்டிலோ யாராவது அன்பாக அங்கீட்டி கொண்டுவந்து வைத்தாலும், தூங்கும் முன் வெளியே வைத்துவிடுங்கள். தெருவோரத்தில் எல்லோரும் சுற்றி நின்று கை காய்ச்சுவது வேறு, அது திறந்த வெளி.

மூடுபனியும் திட்டமும்

பனி அடர்ந்தால் ரயில் பல மணி நேரம் தாமதமாகும், விமானம் ரத்தாகும். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் பயணத்தைக் கைவிட்டால் முழுக் கட்டணத்தையும் திரும்பக் கேட்கலாம். ரயில் கிளம்பும் முன்பே டிடிஆர் பதிய வேண்டும். விமானம் பனியால் ரத்தானால் இழப்பீடு கிடைக்காது, பணத்தைத் திரும்பவோ மாற்று விமானமோ கேட்கலாம். திரும்பிய மறுநாளே பரீட்சை, ஆபரேஷன் தேதி, கல்யாணம் என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாகக் கைப்பையில் வையுங்கள். பவர் பேங்கும் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் அனுமதி இல்லை.

மூன்று நாளில் ஆக்ராவையும் சேர்க்க ஆசை வரும். வெள்ளிக்கிழமை தாஜ்மஹால் மூடியிருக்கும். மற்ற நாளிலும் அதிகாலைப் பனியில் நெடுஞ்சாலையில் காரில் போவது ஆபத்து. போய்ச் சேர்ந்தாலும் தாஜ்மஹாலே கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். முதல்முறை செல்பவர்கள் டெல்லியோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

சூரியன் உதிக்க 7.15 ஆகும், மாலை 5.30-க்கெல்லாம் இருட்டத் தொடங்கும். திறந்தவெளியில் நடக்க வேண்டிய குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை ஆகியவற்றுக்கு 11 மணி முதல் 4 மணி வரை ஒதுக்கலாம். செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம் நான்குக்கும் திங்கள் விடுமுறை. குடியரசு தினத்தையொட்டிச் செங்கோட்டையைச் சில நாட்கள் மூடிவிடுவார்கள்.

காலை நேரத்துக்குச் சாந்தினி சௌக் இருக்கிறது. பால் நுரையைக் குங்குமப்பூவோடு கிண்ணத்தில் தரும் தௌலத் கி சாட் குளிர்காலத்தில் மட்டுமே கிடைக்கும், வாயில் வைத்ததும் கரைந்துவிடும். சிவப்புக் கேரட் அல்வாவைச் சூடாகச் சாப்பிட வேண்டும். ஊருக்கு வாங்கிவர கஜக்கும் ரேவ்டியும் உண்டு, எள்ளும் வெல்லமும் சேர்ந்த நம் எள்ளுருண்டையின் சொந்தக்காரர்கள். கஜக் பையில் நசுங்கித் தூளாகிவிடும். போகும்போது முறுக்கு கொண்டுபோன எவர்சில்வர் டப்பாவைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால், வரும்போது அதில் அடுக்கிக்கொள்ளலாம்.